பாதியில் நின்ற சுழற்சி

நிறை மாதத்தில் நல்ல எடையோடு பிறந்து, நான்கைந்து நாட்களாகத் தாய்ப்பாலை விரும்பிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு சிசு திடீரென்று பச்சை நிறத்தில் வாந்தி எடுக்குமானால், அதற்கு வேறு காரணம் உண்டென்று ஐயமறத் தெரியும்வரையில், அதன் வயிற்றுக்குள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றே கருதவேண்டும் என்பது, குழந்தைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்யும் நிபுணர்கள் தம் மாணாக்கர்களுக்கு ஆரம்பத்திலேயே போதிக்கும் பாடம். குடித்த பால் திரிந்து வெள்ளையாக வெளிவருவது பெரும்பாலும் சாதாரண விஷயம். பச்சை அப்படியன்று. கல்லீரலில் ஊறும் பித்தநீர் முன்சிறுகுடலின் நடுப்பகுதியில் ஒரு சிறு துவாரத்தின் வழியே குடலுக்குள் இறங்குகிறது. இறங்கிய பித்தம் கீழே போகாமல் மேல்நோக்கித் திரும்பி வாய்வழியே வருகிறதென்றால், அந்தத் துவாரத்துக்குக் கீழே எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் அது மெத்தென்று இருக்கும், உப்பியிராது, குழந்தையின் முகத்திலும் பெரிய வாட்டம் தெரியாது. இந்தச் சாந்தமான தோற்றமே இந்நோயின் வஞ்சகம். வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் கண்டு, உடல் குளிர்ந்து போகும்வரை காத்திருப்பவர்கள், காப்பாற்றத்தக்க காலத்தைக் கைநழுவ விட்டவர்கள் ஆகிறார்கள்.

கருவில் குடல் தன் சுழற்சியை முடிக்காமல் பாதியில் நின்றுவிடுவது என்னும் பிறவிக் குறையும், அக்குறையின் விளைவாக நடுக்குடல் முழுவதும் தன் இரத்தநாளத்தைச் சுற்றி முறுக்கிக்கொள்வது என்னும் விபரீதமும் இந்த அத்தியாயத்தின் பொருள். சுழற்சிக் குறை அத்தனை அபூர்வமானதன்று. ஐந்நூறு பிறப்புகளுக்கு ஒன்றாவது அப்படி இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தம் வயிற்றின் விசித்திர அமைப்பை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். நோயாக வெளிப்படுவது சுமார் 6000 பிறப்புகளில் ஒன்றில்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. அவ்வாறு வெளிப்படுபவற்றில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்திலேயே வெளிப்படுகிறது. எண்ணிக்கையில் சிறிதாயினும், சில மணி நேரத்துக்குள் ஒரு சிசுவின் சிறுகுடல் முழுவதையும் மாய்த்துவிடக்கூடிய வேறு வியாதி குழந்தை வைத்தியத்தில் காண்பது அரிது.

இதைப் புரிந்துகொள்ள, கர்ப்பத்தின் நான்காவது வாரத்துக்குச் செல்லவேண்டும். அப்போது கருவின் குடல், உடலின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நேரான குழாய். முதுகுப் புறத்திலிருந்து ஒரு மெல்லிய சவ்வு அதைத் தாங்குகிறது. அச்சவ்வின் நடுவே ஒரு தமனி ஓடி, பிற்காலத்தில் முன்சிறுகுடலின் பிற்பாதியிலிருந்து குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பங்கு அளவும் ஆகப்போகிற நடுக்குடல் அனைத்துக்கும் இரத்தம் ஊட்டுகிறது. ஐந்தாவது வாரத்தில் குடல் உடலைவிட வேகமாக நீளத் தொடங்குகிறது. கல்லீரலோ அப்போது வயிற்றறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஆறாவது வாரத்தில், இடம் போதாத குடல் வளைந்து மடங்கி, வயிற்றை விட்டே வெளியேறித் தொப்புள்கொடிக்குள் புகுந்துகொள்கிறது. ஏறக்குறைய ஒரு மாத காலம் மனிதர் ஒவ்வொருவரின் குடலும் இப்படி உடலுக்கு வெளியே வசித்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இயற்கையின் சிக்கன புத்தியைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை.

கொடிக்குள் இருக்கும்போதே குடல் அந்தத் தமனியை அச்சாகக் கொண்டு, எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இடஞ்சுழியாக, 90 பாகை திரும்புகிறது. மேற்கிளை வலப்புறம் வருகிறது. கீழ்க்கிளை இடப்புறம் போகிறது. பத்தாவது வாரத்தில், வயிற்றறை விரிந்து இடம் உண்டானதும், குடல் வீடு திரும்புகிறது. திரும்பும்போது இன்னும் 180 பாகை சுழல்கிறது. மேற்கிளை முதலில் உள்ளே நுழைந்து, தமனிக்குக் கீழாகவும் பின்னாகவும் சென்று இடப்பக்கத்தை அடைகிறது. குடல்வாலைத் தாங்கிய பெருங்குடலின் தொடக்கப் பகுதியோ கடைசியாக வந்து, தமனிக்கு முன்னே கடந்து, கல்லீரலின் அடியில் வலப்பக்கம் தங்கி, பின்னர் மெல்ல மெல்ல வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. ஆக மொத்தம் 270 பாகை. அதன் பின்னரே குடலும் அதைத் தாங்கும் சவ்வும் பின்சுவரோடு ஒட்டி நிலைபெறுகின்றன.

இந்த யாத்திரையின் பயன் என்னவென்று கேட்டால், பதில் அதன் முடிவிடங்களில் இருக்கிறது. சிறுகுடலின் தொடக்கம் இடது மேல்வயிற்றிலும், அதன் முடிவு வலது அடிவயிற்றிலும் நிலைத்துவிடுவதால், இவ்விரண்டுக்கும் இடையே தாங்கு சவ்வின் வேர் ஒரு நீண்ட சாய்கோடாக முதுகுப்புறச் சுவரில் பதிந்துவிடுகிறது. வளர்ந்த மனிதரில் அதன் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். சுழற்சி 180 பாகையளவில் தடைபட்டால் அந்தச் சாய்கோடு உண்டாவதில்லை. சிறுகுடலின் தொடக்கமும் முடிவும் வயிற்றின் நடுவே ஒன்றையொன்று நெருங்கி நிற்க, சவ்வின் வேர் ஒரு விரல் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. கொடியில் நீளவாட்டில் இரு முனையும் கட்டி உலர்த்திய வேட்டி காற்றில் ஆடுமேயன்றி முறுக்கிக்கொள்ளாது. அதே வேட்டியை ஒற்றை ஆணியில் மாட்டினால் சிறு காற்றுக்கும் சுற்றிச் சுற்றித் திருகிக்கொள்ளும். நிறைமாதச் சிசுவின் சுமார் 250 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுகுடல் இங்கே ஒற்றை ஆணியில் தொங்குகிறது.

சுழற்சி அதற்கும் முன்னதாகவே, முதல் 90 பாகையோடு நின்றுபோவதும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது சிறுகுடல் முழுவதும் வலப்புறமும் பெருங்குடல் முழுவதும் இடப்புறமுமாக அமைந்துவிடும். ஏட்டில் வரைந்த உடற்கூற்றுக்கு இது மிகப் பெரிய பிறழ்வு. ஆயினும் இரு கிளைகளும் வெவ்வேறு பக்கங்களில் விலகி நிற்பதால் சவ்வின் அடி அவ்வளவு குறுகுவதில்லை. முறுக்கத்தின் அபாயமும் குறைவு. முழுதாகச் சுழன்ற குடலும் பத்திரம், அதிகம் சுழலாத குடலும் ஏறக்குறையப் பத்திரம், இடையில் நின்றதே அபாயகரமானது. சொல்லப்போகும் சஸ்திர சிகிச்சையின் இரகசியம் முழுவதும் இந்த விசித்திரத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தச் சுழற்சியை மனிதன் கண்டறிந்த வரலாறு நெடியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஃபிராங்க்ளின் மால், 1898ஆம் ஆண்டில் மனிதக் கருக்களின் குடல் வளர்ச்சியைப் படிப்படியாக விவரித்தார். 1915இல் ஃபிரேசர், ராபின்ஸ் என்னும் இரு ஆங்கிலேயர்கள் சுழற்சியின் காரணங்களை ஆராய்ந்தனர். இவற்றையெல்லாம் நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்தவர் எடின்பரோவைச் சேர்ந்த நார்மன் டாட். பொறியியல் தொழிற்கூடத்தில் பயிற்சி பெற்றுவந்த அவ்விளைஞர், மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் காலில் காயமுற்று மருத்துவமனையில் கிடந்ததன் பின்னர் வைத்தியத்தின்பால் மனம் திரும்பியவர். பிற்காலத்தில் மூளைச் சஸ்திர சிகிச்சையில் உலகப் புகழ் எய்தியவர். 1923இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஐந்து நோயாளிகளை முன்வைத்து, கருவில் எந்தக் கட்டத்தில் சுழற்சி நின்றால் எந்தவிதமான பிறழ்வு உண்டாகும் என்று வகுத்துக் காட்டிற்று. இயந்திரங்களோடு பழகிய கண்ணுக்கே இந்தத் திருப்பங்கள் அத்தனை தெளிவாகப் புலப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

குடல் ஏன் ஒரே திசையில் திரும்புகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2008ஆம் ஆண்டில் ஹார்வர்டில் கிளிஃபர்ட் டேபினின் ஆய்வுக்கூடத்தார் கோழிக் கருவில் கண்டது இது: குடலைத் தாங்கும் சவ்வின் இடப்பக்கத்து உயிரணுக்கள் நெடிதாகி நெருங்கி நிற்கின்றன, வலப்பக்கத்தவை தட்டையாகிப் பரவி நிற்கின்றன, இந்த ஏற்றத்தாழ்வினால் சவ்வு ஒருபுறம் சாய, குடலும் சாய்கிறது. உடலின் இடப்பக்கத்தில் மட்டும் செயற்படும் பிட்டெக்ஸ்-2 என்னும் மரபணு இதற்கு ஏவல் தருகிறது. மூன்றாண்டுகள் கழித்து, அதே கூடத்தாரோடு சேர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கும் எல். மகாதேவன், சிறுகுடல் மடிப்பு மடிப்பாகச் சுருளுவதன் பௌதிகத்தை ஆராய்ந்தார். கருக்குடலைச் சவ்விலிருந்து கத்தரித்துப் பிரித்ததும் சுருண்டிருந்த குடல் நிமிர்ந்துவிட்டது, சவ்வோ சுருங்கிற்று. பிறகு ஒரு ரப்பர் தகட்டை இழுத்து நீட்டி, அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் குழாயைத் தைத்து, இழுப்பைத் தளர்த்தினார்கள். குழாய் தானாகவே, குடலைப் போலவே, ஒழுங்கான வளைவுகளாகச் சுருண்டது. குழாய் விரைந்து வளர, சவ்வு மெதுவாக வளர, இரண்டுக்கும் இடையே உண்டாகும் இழுபறியே வளைவுகளின் எண்ணிக்கையையும் அளவையும் தீர்மானிக்கிறது என்று கணித வாயிலாகவும் நிறுவினார்கள். சவ்வு வெறும் தாங்கி மாத்திரமன்று, குடலுக்கு வடிவம் தரும் சிற்பியும் அதுவே என்னும் இந்த ஞானம், சஸ்திர நிபுணர் ஏன் குடலைவிடச் சவ்வின்மீதே கண் வைக்கிறார் என்பதையும் விளக்குகிறது.

இனி முறுக்கம் நேரும்போது நடப்பதைப் பார்ப்போம். ஒற்றை ஆணியில் தொங்கும் குடல், பெரும்பாலும் வலஞ்சுழியாக, ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ, சில வேளை மூன்று சுற்றோ திருகிக்கொள்கிறது. சவ்வின் நடுவே செல்லும் நாளங்கள் நெரிபடுகின்றன. சுவர் மெல்லிய சிரைகளே முதலில் அடைபடும். இரத்தம் உள்ளே வந்துகொண்டும் வெளியேற வழியின்றியும் தேங்க, குடல் வீங்கிக் கருநீலமாகிறது. அடுத்து தமனியும் அடைபட, குடற்சுவர் உயிரிழக்கத் தொடங்குகிறது. சில மணி நேரம் சென்றுவிட்டால் எந்த நிபுணராலும் அதை மீட்க இயலாது. சந்தேகம் எழுந்தவுடன் பேரியம் போன்ற திரவத்தை ஊட்டி எக்ஸ்ரே எடுத்தால், முன்சிறுகுடல் முதுகெலும்பின் இடப்பக்கம் தாண்டாமல் வலப்பக்கத்திலேயே தக்கைத் திருகியின் வடிவில் இறங்குவது தெரியும். ஸ்கேனில், சிரையும் குடலும் தமனியைச் சுற்றி நீர்ச்சுழி போல் சுழன்றிருப்பது தெரியும். ஆனால் குழந்தை சோர்ந்து, வயிறு இறுகி, இரத்தம் கண்ட பிறகு, படம் எடுக்கும் நேரமும் வீண். நேரே சஸ்திர அறைக்குக் கொண்டுபோவதே தர்மம்.

அந்த அறையில் இன்று செய்யப்படுவதற்கு வில்லியம் எட்வர்ட்ஸ் லாட் என்பவரின் பெயர் நிலைத்திருக்கிறது. 1880இல் மாசசூசெட்ஸில் பிறந்த லாட், ஹார்வர்டில் வைத்தியம் பயின்று, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். 1917 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று மோதி வெடித்து ஏறத்தாழ 2000 பேர் மாண்டபோது, பாஸ்டனிலிருந்து சென்ற வைத்தியக் குழுக்களில் ஒன்றுக்கு அவர் தலைமை வகித்தார். அங்கே காயமுற்ற குழந்தைகளைக் கண்டு உள்ளம் உருகியதனாலேயே அவர் தம் வாழ்வைக் குழந்தைகளுக்கு அர்ப்பணித்தார் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. உள்ளத்தைத் தொடும் கதைதான். ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் நிகழ்ச்சியைவிட, பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிசுக்களின் வயிற்றைத் திறந்து பார்த்த பொறுமைதான் அவரை உருவாக்கிற்று என்பது என் துணிபு. 1927இல் அவர் அங்கே தலைமைச் சஸ்திர நிபுணரானார். அக்காலத்தில் சிசுவைச் சிறிய உருவில் அமைந்த பெரியவராகக் கருதி, பெரியவர்களின் வைத்தியரே கத்தியெடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தை எதிர்த்து, சிசுவின் உடல் தனிச் சாஸ்திரம் என்று நிலைநாட்டியவர்களில் லாட் முதன்மையானவர்.

1932இல் முன்சிறுகுடல் அடைப்பைக் குறித்து ஒரு கட்டுரையும், 1936இல் சிசுக்களின் உணவுப்பாதை நோய்களைக் குறித்து மற்றொன்றும் லாட் வெளியிட்டார். முறுக்கை அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது என்பது அவர் கண்டறிந்த முதல் உண்மை. இடம் தவறி நிற்கும் பெருங்குடலின் தொடக்கத்திலிருந்து வயிற்றின் வலச் சுவருக்குச் சில சவ்வுப் பட்டைகள் செல்கின்றன. தம் சரியான இடத்தில் குடலைப் பிணைப்பதற்கென்று தோன்றிய இப்பட்டைகள், குடல் வராத காரணத்தால் நீண்டு, இடையில் கிடக்கும் முன்சிறுகுடலைக் குறுக்கே அழுத்துகின்றன. அவற்றை வெட்டாமல் வயிற்றை மூடினால், முறுக்கு நீங்கியும் அடைப்பு நீங்குவதில்லை.

இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. இயற்கை பாதியில் விட்டதை நாம் பூர்த்தி செய்வோம், குடலை அதன் முறையான இடத்துக்குக் கொண்டுபோய்த் தைத்துவைப்போம் என்று எண்ணுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவ்வாறு முயன்றவர்களும் உண்டு. ஆனால் பெருங்குடலின் தொடக்கத்தை வலது அடிவயிற்றுக்கு இழுத்து வைத்தால் அது மறுபடியும் முன்சிறுகுடலின்மீதே படுகிறது. சவ்வின் குறுகிய வேரும் குறுகியபடியே இருக்கிறது. லாட் எதிர்த்திசையில் சென்றார். குடலை முன்னோக்கிச் செலுத்தாமல் பின்னோக்கித் திருப்பினார். 180 பாகையில் சிக்கி நிற்பதை 270க்கு உயர்த்தாமல், 90 பாகைக்கு இறக்கினார். பெருங்குடலை இடது மேல்வயிற்றுக்கும் சிறுகுடலை வலப்பக்கத்துக்குமாக, தொப்புள்கொடியில் வசித்த நாளின் அமைப்புக்கே மீட்டுவைத்தார். சஸ்திர சிகிச்சையின் சரித்திரத்தில் இதற்கு ஒப்பான பணிவான சிந்தனையை நான் அதிகம் கண்டதில்லை. உடற்கூற்று நூலின் படத்துக்கு நோயாளியை இணங்கச் செய்யாமல், அவர் பிழைத்திருப்பதற்கு எந்த அமைப்பு போதுமோ அந்த அமைப்பைத் தந்துவிட்டு விலகி நிற்கும் துணிவு அது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். தொப்புளுக்கு மேலே வலப்புறமாகக் குறுக்கே கீறி வயிற்றைத் திறந்ததும், வெண்மையாகவோ சற்றே சிவந்தோ ஒரு திரவம் தென்படும். வெண்மை என்றால் நிணநீர் தேங்கிய அடையாளம், அடர்ந்த சிவப்பென்றால் கெட்ட சகுனம். உள்ளே துழாவிப் பார்ப்பதில் பயனில்லை. குடல் முழுவதையும் மெதுவாக வெளியே எடுத்தாலன்றி முறுக்கின் அடி கண்ணுக்குப் படாது. பிறகு இரு கைகளாலும் முழுக் குடலையும் ஏந்தி, இடஞ்சுழியாக, சவ்வின் வேர் விரிந்து நேராகும்வரை திருப்பவேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணிகளால் குடலைப் போர்த்திவிட்டுச் சும்மா நிற்கவேண்டிய நிமிஷங்கள் அடுத்து வருகின்றன. கருநீலமாக இருந்த வளைவுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, சவ்வின் ஓரத்தில் சிறு நாளங்கள் துடிக்கத் தொடங்குவதைக் காணும் அந்த நிமிஷங்களில், அறையிலுள்ள அனைவரும் ஆறுதல் அடைகிறார்கள்.

அதன் பின் பட்டைகளை வெட்டி, முன்சிறுகுடலை விடுவித்து, வலப்பக்கமாக நேரே இறங்குமாறு செய்கிறார்கள். அடுத்து வருவதே சிகிச்சையின் இதயம்: தமனியின் முன்னே, இரு கிளைகளையும் ஒட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய படலத்தை நாளங்களுக்கு ஊறின்றிப் பிரித்துப் பிரித்து, குறுகியிருந்த வேரை அகலமாக விரிக்கிறார்கள். முன்சிறுகுடலின் உள்ளேயும் ஏதாவது தடுப்பு பிறவியிலேயே இருக்கக்கூடுமாகையால் ஒரு குழாயைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. குடல்வாலை நீக்கிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். ஏனெனில் அது இனிமேல் இடது மேல்வயிற்றில் இருக்கப்போகிறது. பிற்காலத்தில் அழற்சி உண்டானால், இடப்பக்கம் வலிக்கும் நோயாளியிடம் குடல்வாலைச் சந்தேகிக்கும் வைத்தியர் கிடைப்பது அரிது. குடலைச் சுவரோடு தைத்து நிறுத்துவதில்லை. தையலால் பயன் உண்டென்று அனுபவம் காட்டவில்லை; விரிந்த வேரே காவல்.

எல்லாக் குடலும் சிவந்துவிடுவதில்லை. சிறு பகுதி மாத்திரம் மாண்டிருந்தால் அதை வெட்டியெடுத்து முனைகளை இணைக்கிறார்கள், அல்லது தற்காலிகமாக வெளியே கொணர்ந்து வைக்கிறார்கள். மாண்டதா பிழைக்குமா என்று துணிய முடியாதபோது, ஒன்றும் வெட்டாமல் வயிற்றை மூடி, ஒரு நாளோ ஒன்றரை நாளோ சென்று மறுபடியும் திறந்து பார்க்கும் முறை கைக்கொள்ளப்படுகிறது. முறுக்கவிழ்ந்த குடல் அந்த அவகாசத்தில் எதிர்பாராத அளவு மீண்டிருப்பதுண்டு. முழுச் சிறுகுடலும் போய்விட்ட சிசுவுக்கு முற்காலத்தில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 1960களின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய சகாக்களும், முதலில் நாய்க்குட்டிகளிடமும் பின்னர் சிறுகுடலை அநேகமாக முழுவதும் இழந்த ஒரு சிசுவிடமும், வாய்வழியே ஒன்றும் கொடாமல் பெரிய சிரையின் வழியாகவே சகல போஷணையும் செலுத்தி உடலை வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். அதன் பிறகே, எஞ்சிய குடல் கொஞ்சமாயினும் அதைக் காத்து, அது நீண்டு பழகும்வரை குழந்தையைப் பல மாதங்கள் தாங்கி நிற்பது சாத்தியமாயிற்று. அந்தப் பாதை நெடியது. சிரைக்குழாயில் கிருமி புகுவதும் கல்லீரல் கெடுவதும் வழிநெடுக உள்ள ஆபத்துகள். பச்சை வாந்தி கண்ட முதல் மணி நேரத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பது அந்த வார்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1995இல் நெதர்லாந்தின் வான் டெர் ஜே, பாக்ஸ் என்னும் நிபுணர்கள், பிறந்த சிசுவின் முறுக்கத்தையே லாப்பராஸ்கோப்பி மூலம் சிறு துவாரங்கள் வழியாகச் சரிசெய்ததை வெளியிட்டார்கள். தழும்பு சிறியது, வலி குறைவு, பால் குடிக்கத் தொடங்குவதும் விரைவு. ஆனால் முறுக்கம் திரும்பவும் நேர்வது இம்முறையில் சற்று அதிகம் என்று தெரியவருகிறது. வேரை விரிக்கும் வேலை துவாரத்தின் வழியே முழுமையாகக் கைகூடாதது ஒரு காரணமாயிருக்கலாம். இன்னொன்று, வயிற்றைத் திறந்து கையாளும்போது குடலின்மீது உண்டாகும் ஒட்டுகள், மற்ற எல்லா நோயிலும் விரோதியாகக் கருதப்படுபவை, இங்கே குடலைப் புதிய இடத்தில் பிடித்து நிறுத்தும் நண்பராக அமைகின்றன என்பது. ஆகவே முறுக்கம் மூண்டு குழந்தை தளர்ந்திருக்கும்போது திறந்த சிகிச்சையையே பலர் விரும்புகிறார்கள்.

வயது வந்தவர்களிடமும் இந்த முறுக்கம், அபூர்வமாகவேனும், நேர்கிறது. அவர்களில் சிலர் சாப்பிட்டதும் வயிற்று வலி, தானே வந்து தானே போகும் வாந்தி என்று பல ஆண்டுகள் அலைந்து, இரைப்பைப் புண் என்றும் மனக்கோளாறு என்றும் பெயர் சூட்டப்பட்டு, கடைசியில் வேறெதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில் உண்மை வெளிப்பட்டவர்கள். எந்தத் துன்பமும் இல்லாதவரிடம் இந்த அமைப்பு தற்செயலாகத் தென்பட்டால் கத்தியெடுக்கலாமா என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. சிசுவாயின் செய்துவிடுவதே நல்லதென்பது பெரும்பாலோர் கருத்து. இதயமும் ஈரலும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளிடத்தில், இதயக் கோளாறு காரணமாக மயக்க மருந்தே ஆபத்தாகையால், சிலர் பொறுத்திருந்து கவனிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் சவ்வின் வேர் எத்தனை அகலம் என்பதை உள்ளே பாராமல் அறிய வழி கிடைக்கும் நாளில் இவ்விவாதம் தீரலாம். அதுவரையில், சிகிச்சை பெற்று வீடு செல்லும் குழந்தையின் பெற்றோரிடம், அதன் குடல் எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது, குடல்வால் எடுக்கப்பட்டதா என்பவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, அக்குழந்தை பெரியவனான பிறகும் எந்த வைத்தியரிடம் சென்றாலும் அந்தத் தாளைக் காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.